ஐந்துக்கு முன்னால் ஆறு

அவளுக்கு ஆயிரம் கதைகள் தெரியும். முழுசாக ஒன்றுகூடத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் ஃபாரம் சேர்க்கிற வேலை செய்தால் அப்படித்தான் ஆகும். ஃபாரம் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்களை அச்சடித்து மடித்தால் ஒரு சின்னக் கட்டு வரும், அதுதான். அப்படிப் பத்துப் பதினைந்து கட்டுகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தால் புத்தகம். நீள மேஜையின் நான்கு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குவியல்கள் இருக்கும். அவள் மேஜையைச் சுற்றி நடந்தபடி ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டே போவாள். ஒரு சுற்றுக்கு ஒரு புத்தகம்.

நடக்கிற நடையில் மேலே தெரிகிற பக்கம் கண்ணில் படும். ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவான். எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது உள்மடிப்பில் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்க்க நேரம் ஏது? அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. போனவன் எங்காவது நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் அதே அச்சகத்தில்தான் வேலை. அடுத்த கூடத்தில் கட்டிங் மெஷின். தைத்து அட்டை ஒட்டிய புத்தகங்களை அடுக்கி, மூன்று பக்கமும் ஒரே சீராக வெட்டித் தருவார். ஊரே அவரை வெட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். பேச்சிலும் அப்படித்தான். எந்தக் கதையைக் கொடுத்தாலும் நறுக்கென்று இரண்டாக வெட்டி, இந்தப் பக்கம் உழைக்கிறவன், அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பிரித்துக் காட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்க அலுவலகத்து மாடியறையில் வாசிப்பு வட்டம் கூடும். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பேர். ஒரு நாற்காலிக்குக் கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க எப்போதும் ஒரு முதலாளியின் வாழ்க்கை வரலாறு கிடக்கும். வெட்டுக்காரர்தான் வட்டத்தை நடத்துவார். எந்தப் புத்தகமானாலும் அவரிடம் மூன்று கேள்விகள் தயாராக இருக்கும். இதில் யார் உழைக்கிறார்கள்? அந்த உழைப்பை யார் அனுபவிக்கிறார்கள்? பேச வாய் கொடுக்கப்படாதவர் யார்? தாலாட்டுப் பாட்டைக் கொடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்காமல் தொட்டிலை ஆட்ட மாட்டார்.

கலை வானத்திலிருந்து விழுவதில்லை என்பது அவருடைய கட்சி. மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்களோ அதுதான் அடித்தளம், பாட்டும் கதையும் ஓவியமும் அதன்மேல் எழும்பிய கட்டடம் என்பார். அதற்காகக் கட்டடத்தைச் சும்மா நினைக்கக் கூடாது, மேலே இருக்கிறவன் ஜன்னலைத் திறந்தால்தான் கீழே வெளிச்சம் வரும் என்றும் சேர்த்துக்கொள்வார். பணக்கார வீட்டில் பிறந்து பணக்காரர் பக்கமே சாய்ந்து எழுதுகிறவன்கூட, கண்ணை நேர்மையாகத் திறந்து வைத்திருந்தால் தன் பக்கத்துக்கு எதிராகவே உண்மையை எழுதிவிடுவான் என்று அவர் சொல்லும்போது பின்வரிசையில் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருமுறை ஒரு காதல் கவிதையை எடுத்துக்கொண்டு, நிலாவைப் பார்த்து உருகுகிறவனுக்கு மறுநாள் ஆறு மணி ஷிஃப்ட் இல்லை என்று ஒரே வெட்டாக வெட்டினார். வட்டத்தில் ஒரு நர்ஸ் உண்டு, யாருக்கும் பயப்படாதவள். தனக்கு ஆறு மணி ஷிஃப்ட்தான், தனக்கும் நிலா பிடிக்கிறது, அதற்கென்ன செய்வது என்று கேட்டுவிட்டாள். வெட்டுக்காரர் அதையே இரண்டு வாரம் யோசித்தார். மூன்றாம் வாரம் வந்து, தான் சொன்னது தப்பு, நிலா எல்லோருக்கும் பொதுதான், அதை நின்று பார்க்கிற நேரம்தான் பொதுவில் இல்லை என்று திருத்திக்கொண்டார். இப்படித் தன் தப்பைத் தானே தேடிப் போய் ஒப்புக்கொள்கிற ஆளைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பதினோரு வருஷமாக அந்த அறையில் அவள் வாயைத் திறந்ததில்லை. அரைகுறையாகப் படிக்கிறவள் பேசினால் சிரிப்பாகிவிடும் என்று ஒரு கூச்சம்.

வட்டத்துக்குப் புத்தகம் எங்கிருந்து வரும்? அச்சகத்திலிருந்துதான். அட்டை தலைகீழாக ஒட்டியது, மை ஈஷியது என்று விற்க முடியாத பிரதிகளைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது சங்கம் போராடி வாங்கிய உரிமை. அந்தக் குறைப் பிரதிகளைத் தின்றே வட்டம் வளர்ந்தது. ஒரு கவிதைத் தொகுப்பில் நடுவே எட்டுப் பக்கம் வெள்ளையாக இருந்தபோது, கவிஞர் அங்கே என்ன எழுதியிருப்பார் என்று ஒரு ஞாயிறு முழுக்க விவாதித்தார்கள். அவர் எழுதியதைவிட இவர்கள் யோசித்தது தேவலை என்று பின்னால் தெரிந்தது.

அந்த வருஷம் ஒரு நாவல் அச்சானது. துணி ஆலையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிற ஒரு தாயும் அவள் மகனும்தான் கதை. வெட்டுக்காரர் ஓர் அடுக்கை மெஷினில் வைத்தபோது அளவுக் கட்டையைச் சரியாகத் தள்ளவில்லை. கத்தி இறங்கியதில் பன்னிரண்டு பிரதிகளின் அடிப்பக்கத்தோடு பக்க எண்களும் பறந்தன. இத்தனை வருஷத்தில் அது அவருடைய நாலாவது தப்பு. மற்ற மூன்றையும் தேதியோடு சொல்லுவார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பிரதியும் வட்டத்துக்கு வந்ததில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். குறை என்ன என்றுதான் தெரிந்துவிட்டதே, பக்க எண் இல்லை, படிக்க அதனால் என்ன என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

படித்துவிட்டு வந்த ஞாயிறு எல்லோருக்கும் ஒரே குழப்பம். நாவலின் நடுவில் தாய் மருத்துவமனையில் செத்துப்போகிறாள். பக்கத்தைத் திருப்பினால், அவளே வேலைக்குக் கிளம்பி ஆலைக்குப் போகிறாள், மேற்பார்வையாளனோடு சண்டை போடுகிறாள், மகனுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். அப்புறம் திடீரென்று மகன் ஆலை வாசலில் தனியாக நிற்கிறான். பஸ் டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்து, செத்தவள் எப்படித் தோழர் வேலைக்கு வருகிறாள் என்று கேட்டார்.

வெட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருந்தார். செத்த பிறகும் விடாமல் வேலை வாங்குகிறது இந்த ஏற்பாடு என்றார். நாம் தொடுகிற ஒவ்வொரு மெஷினிலும் செத்துப்போன எத்தனையோ பேரின் உழைப்பு உறைந்து கிடக்கிறது, எழுத்தாளர் அதற்கு உடம்பு கொடுத்து நடக்க வைத்துவிட்டார், உள்ளடக்கம் தன் உருவத்தைத் தானே தேடிக்கொண்டது என்றார். ஓர் இடத்தில் வாக்கியம் ‘அவள் கதவை’ என்று நின்றுவிடும். அடுத்த பக்கம் ‘விட்டத்தில் மின்விசிறி ஓடவில்லை’ என்று வேறு எங்கோ தொடங்கும். உழைக்கிறவள் தன் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆலைச் சங்கு ஊதிவிடுகிறது என்று அவர் விளக்கியபோது அறையே கைதட்டியது. அவளும் தட்டினாள். செத்தவள் திரும்பி வந்து சட்டை தைத்த பக்கத்தில் அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதிருந்தாள். அவளுடைய அம்மா போனபோது அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தாள், செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாலு ஞாயிறு அந்த நாவல் ஓடியது. வெட்டுக்காரர் அதைக் கட்டுரையாக எழுதிச் சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்பினார். இருபது வருஷத்தில் பதினோரு கட்டுரை அனுப்பி, ஒன்றுகூட வந்ததில்லை. இதழைப் பார்த்துக்கொள்கிற சங்கச் செயலாளரும் வட்டத்தில் ஒருத்தர்தான். ஆனால் நட்புக்காக இடம் கொடுக்கிற ஆளில்லை. இந்த முறை அவரே தேடி வந்து, முதல் கட்டுரையாகப் போடுவதாகச் சொன்னார். மேற்கோள்களுக்குப் பக்க எண் மட்டும் வேண்டும், திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் போதும். வெட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கட்டுரையை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். காதில் விழுகிற மாதிரி அடுத்த வீட்டு ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டு படித்தார்.

பக்க எண்ணைத்தான் வெட்டி எறிந்தாயிற்றே. வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவள் கிடங்கிலிருந்து ஒரு நல்ல பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, கதையின் வரிசையிலேயே போகிற கட்டுரையின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். முதலாவது அறுபதாம் பக்கம். இரண்டாவது தொண்ணூற்றிரண்டு. மூன்றாவது எழுபத்தொன்று. எழுதிய கை நின்றது.

அவளுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுபத்தொன்று ஐந்தாம் ஃபாரம். தொண்ணூற்றிரண்டு ஆறாம் ஃபாரம். தன் பிரதியின் அட்டையை முதுகுப்பக்கம் உரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். சரியாகச் சேர்த்தால் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். இங்கே நாலு படி ஒழுங்காக இறங்கி, அடுத்தது ஒரு படி தாண்டிக் குதித்து, திரும்ப மேலே ஏறி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிப் போனது. ஐந்துக்கு முன்னால் ஆறு. அந்தத் தாய் செத்துப் பிழைக்கவில்லை. முதலில் வேலைக்குப் போனாள், அப்புறம் செத்தாள், எல்லோரையும் போல.

அவள் கிடங்குக்கு ஓடி ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவி நாற்பது பிரதியைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கடைக்குப் போகிறதில் பழுதில்லை. வந்த பழுதெல்லாம் பன்னிரண்டு பேர் கையில்தான்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் கட்டுரை வரும், அந்த எழுத்தாளர் படிப்பார், நல்ல பிரதி வாங்கிய அத்தனை பேரும் படிப்பார்கள், மனுஷர் மூக்கறுபட்டு நிற்பார். சொன்னால் இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் வந்திருக்கிற சந்தோஷத்தைத் தன் கையாலேயே துடைத்து எறிந்ததாகும். அதுவும் தன் கை செய்த தப்பால்.

வீட்டில் அவர் சமையலறை மேஜையில் கட்டுரையின் சுத்தப் பிரதியை விரித்து வைத்து, காற்புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அந்தப் புத்தகம் தப்பா சேர்ந்திருக்குங்க. அஞ்சு வர வேண்டிய இடத்துல ஆறு வந்திருக்கு. நான்தான் சேர்த்தேன்.”

வெட்டுக்காரர் லேசில் விடுகிற ஆளா? நல்ல பிரதிதான் தப்பாகச் சேர்ந்திருக்கும் என்றார். அவள் உரித்த முதுகைக் காட்டினாள். கையோடு கொண்டு வந்திருந்த நல்ல பிரதியின் அறுபத்து நாலாம் பக்கத்தையும் அடுத்ததையும் விரித்து வைத்தாள். ‘அவள் கதவை’ என்று நின்றிருந்த வாக்கியம், ‘அடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்’ என்று சாதுவாக முடிந்தது. அந்த நின்றுபோன வாக்கியத்தைப் பற்றி அவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

“கதவை அடைச்சுட்டுப் போயிருக்கா. அவ்வளவுதாங்க,” என்றாள்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கை கழுவ மறந்து, மூடிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று முணுமுணுத்தார். அவள் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலையில் இப்படி எப்படி நடந்தது, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்னொன்றும் சொன்னார். அந்த இரண்டாவதுதான் சுட்டது. பதினோரு வருஷம் பின்வரிசையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போது கோபம் வந்தது.

“எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மூணு கேள்வி கேக்கறீங்க. கதையில யாரு உழைக்கிறாங்கன்னு கேக்கறீங்க. இந்தப் புத்தகத்தைச் சேர்க்க யாரு உழைச்சாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? நான் உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்.”

அவள் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சொன்னது அதிகமோ என்று அவளுக்கே தோன்றியது. அவர் கட்டுரைத் தாள்களை மடித்து ஓரமாக வைத்தார்.

“சரி, எப்படிச் சேர்ப்பே? காட்டு,” என்றார்.

அவள் முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். இல்லை என்று தெரிந்ததும் மேஜையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். தட்டுகளையும் துவாலைகளையும் பழைய செய்தித்தாள்களையும் குவியல்களாகச் சுற்றி வைத்தாள். நடந்து காட்டினாள். அவர் பின்னாலேயே நடந்தார். அன்றைக்கு ஐந்தாவது குவியலும் ஆறாவது குவியலும் ஒரே நேரத்தில் தீர்ந்தன, குனிந்து புதுக் கட்டுகளைத் தூக்கி வைத்தபோது இடம் மாறிவிட்டது, இடுப்பு வலி வேறு. கவனித்து மாற்றி வைத்தாள்தான். அதற்குள் ஒரு சுற்றுகூடப் போகவில்லை என்று நினைத்திருந்தாள். பன்னிரண்டு சுற்று போயிருக்கிறது. எட்டாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஒரு நாளைக்கு எத்தனை சுத்து?”

“ஐந்நூறு. வேலை நெருக்கினா அறுநூறு.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அச்சகம், நடுவில் ஒரே ஒரு சுவர். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வாய்க்குள் சுற்றையும் நாளையும் வருஷத்தையும் பெருக்கிக்கொண்டே இருந்தார். பிறகு வெற்றுத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் அவர் எழுந்து, இன்று தான் பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் முதுகு உரித்த புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். குரல் முதலில் கரகரத்தது. படிக்கட்டைக் காட்ட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது, மேஜை மேல் ஃபாரம் போல வார்த்தைகள் அதது இடத்தில் வந்து உட்கார்ந்தன. முதலில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததும் பஸ் டிரைவர் சிரித்த சிரிப்பில் குட்டைக்கால் நாற்காலி முதலாளியின் வாழ்க்கையை விட்டு நழுவியது. நாலு வாரம் கைதட்டிய அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளுக்கு ஆச்சரியம், அவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

செயலாளர் மட்டும், அப்போது முதல் கட்டுரைக்கு என்ன செய்வது என்று கையைப் பிசைந்தார். வெட்டுக்காரர் பையிலிருந்து புதிய தாள்களை எடுத்துப் படித்தார்.

“இந்த நாவலை நாங்கள் தப்பாகப் படித்தோம். ஃபாரத்தை மாற்றிச் சேர்த்தது என் மனைவி. தப்பைக் காட்டியிருக்கக்கூடிய பக்க எண்ணை வெட்டி எறிந்தது நான். செத்தவள் வேலைக்கு வந்தாள் என்று நாலு வாரம் பேசினோம். உயிரோடு ஒருத்தி தினமும் வேலைக்கு வந்ததை எங்களில் யாரும் பார்க்கவில்லை.”

ஒரு நூலைக் கையில் எடுத்தால் அதை எழுதினவனை மட்டும் கேட்கிறோம், மடித்தவளையும் தைத்தவளையும் கேட்பதில்லை, உழைப்பைப் பற்றிய சிந்தனை புத்தகத்தின் அட்டைக்கு உள்ளேயே நின்றுவிட்டால் அது பாதிச் சிந்தனைதான் என்று கட்டுரை போயிற்று. மூன்று கேள்விகளோடு, இந்தப் புத்தகத்தைச் சேர்க்க யார் உழைத்தார்கள் என்ற நாலாவதும் சேர்ந்திருந்தது. கேள்வியைக் கேட்டது யார் என்றும் எழுதியிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் அழுதுவிடுவோமோ என்று பயம்.

கடைசியில் அவள், எல்லோரும் பிரதியைக் கொடுங்கள், பிரித்துச் சரியாகச் சேர்த்துத் தைத்துத் தருகிறேன் என்றாள். புத்தகங்கள் மேஜைக்கு வந்தன. நர்ஸ் மட்டும் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வார்டுல போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல அக்கா. இதுல ஒருத்தி வர்றா. என்னோடது இப்படியே இருக்கட்டும்.”

மூன்று கேள்விக்காரரே சரி என்று தலையை ஆட்டினார். மேஜையில் இருந்த புத்தகங்கள் ஒன்றிரண்டாகத் திரும்பப் போயின. சரிசெய்ய மிஞ்சியது பஸ் டிரைவருடையது மட்டும்தான். அவருக்குக் கதை ஒழுங்காகப் போக வேண்டும், வண்டி போல.

இதழ் அவர்கள் அச்சகத்திலேயே அச்சாகி இரண்டாவது வாரம் மேஜைக்கு வந்தது. மெல்லிய இதழ், நாலே ஃபாரம். கட்டுரை முதல் ஃபாரத்தில் இருந்தது. அவள் முதல் சுற்றைத் தொடங்கி, மேலே தெரிந்த பக்கத்தில் கண்ணை ஓட்டி, அப்படியே நின்றுவிட்டாள். மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து, ஏன் மேஜை நிற்கிறது என்று கேட்டார். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே வெட்டுக்காரர் பெயர் இருந்தது, பக்கத்திலேயே இன்னொரு பெயரும் இருந்தது. வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒரு நிமிஷம் அண்ணே. என் பேரு வந்திருக்கு.”

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய பெயரை அவள் சுமந்து சுற்றியிருக்கிறாள். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார், தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். நின்ற இடத்திலேயே அவள் ஃபாரத்தைப் பிரித்து, உள்மடிப்புவரை முழுசாகப் படித்தாள். பிறகு அதை மடித்து, இரண்டாவதை அதன்கீழ் வைத்து, மூன்றாவதை எடுக்க நடந்தாள்.